தோற்றதைச் சொல்ல ஒரு வீடு

ராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்குக் கரையில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே பாக் நீரிணையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் திருப்பாலைக்குடி போன்ற ஓர் ஊரில், வளர்ந்து ஆளான பிள்ளையைப் பற்றிப் பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது அவனுடைய குணத்தையன்று, படிப்பையுமன்று, அவனுடைய தொழிலைத்தான். கடல் தொழில் என்றால் கரையிலுள்ள எல்லாருக்கும் விளங்கும். நண்டு வியாபாரம், சபர் போய்ச் சவூதியில் வேலை, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று எதைச் சொன்னாலும், கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். ஆனால், கற்றறிந்த ஒரு வாலிபன், குடியோ திருட்டோ அறியாதவன், இரவெல்லாம் கண் விழித்துக் கணக்குப் போட்டுப் போக்கர் என்னும் சீட்டாட்டத்தையே தன் ஜீவனோபாயமாகக் கொண்டிருக்கிறான் என்றால், அதை வீட்டுத் திண்ணையில் எந்த வார்த்தையால் சொல்வது என்று அவனைப் பெற்றவர்கள் தவிக்கிற தவிப்பு, இந்தப் பதினைந்து வருஷ காலத்தில் தமிழ்நாட்டில் புதிதாகத் தோன்றிய ஒரு தவிப்பு. அதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடலாகாது என்பதும், அதே சமயத்தில் அந்தத் தவிப்பு வெளிப்படுகிற விதத்தினாலேயே சில வீடுகளில் பெருந்துயரம் விளைந்திருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

பிள்ளையின் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்போம். சீட்டு என்றதும் பெரியவர்களின் மனக்கண்ணில் எழுவது மங்காத்தாவும், மூன்று சீட்டும், தோப்புக்குள் வட்டமாக உட்கார்ந்திருக்கிற கூட்டமும், போலீஸ் வந்ததும் சிதறி ஓடுகிற காட்சியுமே. போக்கர் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இன்று அதிகமாக ஆடப்படும் முறையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்கும். மேசையின் நடுவே ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாகப் படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பணயத்தை உயர்த்துவதா, ஒத்துப்போவதா, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவதா என்று ஆட்டக்காரன் தீர்மானிக்கவேண்டும். 52 சீட்டுகளிலிருந்து ஐந்து சீட்டுக் கைகள் 25,98,960 விதமாக அமையலாம் என்பதையும், எதிரி பணயம் வைக்கும் தொகையும் வேகமும் எதைக் காட்டுகின்றன என்பதையும் சேர்த்து எடைபோட்டுப் பார்க்கிறவனுக்கும், கைக்கு வந்ததை நம்பி ஆடுகிறவனுக்கும் நாளடைவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஏற்படும். கணித மேதையான ஜான் வான் நாய்மன், 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து ஆட்டக் கோட்பாட்டைப் பற்றி எழுதிய பெருநூலில், இல்லாததை இருப்பதுபோலக் காட்டிப் பணயம் வைக்கும் போக்கர்த் தந்திரத்தைக் கணிதத்தால் ஆராய்ந்தார். கோழிக்கோட்டு இந்திய மேலாண்மைக் கழகத்தில் வியூக அறிவைக் கற்பிக்கும் சாதனமாக இந்த ஆட்டம் பாடமாகவே வைக்கப்பட்டது. ஆகவே, 'நான் ஆடுவது சூதன்று, சாமர்த்தியம்' என்று பிள்ளை சொல்வது பொய்யன்று.

ஆனால் அது முழு உண்மையுமன்று. இரண்டு ஏஸ் வைத்திருப்பவன் இரண்டு ராஜா வைத்திருப்பவனை எதிர்த்து எல்லாப் பணத்தையும் வைத்தால், நூறு தடவையில் ஏறக்குறைய 82 தடவை வெல்வான். மற்றத் தடவைகளில், எந்தப் பிழையும் செய்யாமலே, தோற்பான். இப்படிப் பிழையின்றித் தோற்கும் தோல்விகள் சில சமயம் ஒன்றன்பின் ஒன்றாக மாதக்கணக்கில் வரும், வல்லவர்களுக்கும் வரும். பெற்றவர்களின் சங்கடத்துக்கு மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து தோற்கும் நிபுணனும், ஆறு மாதம் தொடர்ந்து தோற்கும் அறியாதவனும், வீட்டு நடையிலிருந்து பார்க்கிற தாய்க்கு ஒரே மாதிரித்தான் தென்படுவார்கள். இருவரும் சாப்பிடாமல் எழுந்துபோவார்கள். இருவரும், 'அடுத்த மாதம் சரியாகிவிடும்' என்பார்கள். இன்னும் சொல்லப்போனால், தான் எந்த வகையைச் சேர்ந்தவன் என்பது பல சமயங்களில் ஆடுகிறவனுக்கே தெரியாது. பல்லாயிரம் கைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தாலன்றித் தெரிவதற்கும் வழியில்லை.

இந்தச் சங்கடம் நம் ஊர்ப் பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற எழுத்தாளர் மரியா கொன்னிகோவா, போக்கரைக் கற்கப் புறப்பட்டபோது, அவருடைய பாட்டி, இத்தனை படித்துவிட்டுச் சூதாடப் போவதா என்று மனம் கலங்கினார். அந்தப் பேத்தி எரிக் சைடல் என்னும் தேர்ந்த ஆட்டக்காரரிடம் பயின்று, 2018இல் பஹாமாஸ் தீவுகளில் நடந்த ஒரு பெரிய போட்டியில் வென்றார். இதற்கு மாறான குடும்பமும் உண்டு. ரிச்சர்ட் லெடரர் என்னும் ஆங்கில ஆசிரியர், சொல்லாராய்ச்சி நூல்களால் புகழ் பெற்றவர். அவர் வீட்டில் பிள்ளைகள் சீட்டோடும் விளையாட்டோடும் வளர்ந்தார்கள். மகன் ஹாவர்டும் மகள் ஆனியும் உலகறிந்த போக்கர் ஆட்டக்காரர்களாயினர். ஆனி உளவியல் ஆராய்ச்சிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வந்தவர். இன்னொரு மகளான கேட்டி, அந்தக் குடும்ப வாழ்வைப் பற்றி 2003இல் ஒரு நூலே எழுதினார். தந்தைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஹாவர்ட் முக்கிய பங்கேற்று நடத்திய ஃபுல் டில்ட் என்னும் இணைய நிறுவனத்தை 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு முடக்கியபோது, உலகெங்கும் இருந்த ஆட்டக்காரர்களின் பணம் அதற்குள் சிக்கிக்கொண்டது. அந்நாட்டு ஆட்டக்காரர்கள் பணத்தைத் திரும்பப் பெறத் தொடங்கவே 2014 ஆகிவிட்டது. பிள்ளையின் சாமர்த்தியம் எவ்வளவு பெரிதானாலும், அவன் உட்கார்ந்திருக்கும் மேசை யாருடையது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது என்பதற்காகவே இதை விரித்துச் சொன்னேன்.

தமிழ் வீடு விளையாட்டுக்கு விரோதமானது என்று எவரும் சொல்லிவிட முடியாது. விசுவநாதன் ஆனந்துக்குச் சதுரங்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில் உலக சாம்பியனான குகேஷுக்காக, அவருடைய தந்தை தம் மருத்துவத் தொழிலையே நிறுத்திவிட்டு ஊர் ஊராக உடன் போனார். பிள்ளையின் பள்ளிப் படிப்பையும் வீட்டின் வருமானத்தையும் பணயம் வைத்த செயல் அதுவும்தான். அதற்கு நாடே கைதட்டியது. சதுரங்கத்தில் தோற்றவன் புள்ளிகளை இழக்கிறான். போக்கரில் தோற்றவன் வாடகையை இழக்கிறான் என்பதைப் பெற்றவர்கள் வாதங்களால் அறியாவிட்டாலும் உள்ளுணர்வால் அறிந்திருக்கிறார்கள். அவர்கள் அஞ்சுவது ஆட்டத்தையன்று, அதில் கலந்திருக்கும் காசை.

அவர்களுடைய அச்சத்துக்குச் சரித்திரமும் இருக்கிறது. இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள், அரசாங்கமே 1968இல் தொடங்கி நடத்திய பரிசுச் சீட்டைத் தங்கள் வாலிபத்தில் வாங்கியவர்கள்; நாளிதழில் எண்ணைத் தேடிய கைகள் அவர்களுடையவை; கூலிக்காரர்களின் அன்றாடச் சம்பாத்தியத்தை அது உறிஞ்சுகிறதென்று 2003இல் தமிழ்நாட்டில் தடை வந்தவரைக்கும் அந்த ஆசை தெருவுக்குத் தெரு விற்பனையானது. ஆசையின் ருசியையும் அதன் கசப்பையும் ஒருசேர அறிந்த அந்தத் தலைமுறையைப் பார்த்து, 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று பிள்ளை சொல்வது சரியன்று.

சட்டமோ, நெடுங்காலம் அவர்களுக்குத் தெளிவான விடை எதையும் தரவில்லை. ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் கூறியது. போக்கரைச் சூதாட்டத்தின் வரையறையிலிருந்து மேற்கு வங்கத்தின் 1957ஆம் வருஷத்துச் சட்டம் பெயர் சொல்லியே விலக்கியது. அதே போக்கர் சூதாட்டந்தான் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் வந்த முதல் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையை அடுத்து 2022இல் இயற்றப்பட்ட சட்டம், ஆளுநரால் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டதை மட்டும் அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. கற்றறிந்த நீதிபதிகளே இப்படி மாறி மாறிச் சொன்ன ஒரு விஷயத்தில், வலை கட்டிப் பிழைக்கும் ஒரு தகப்பனார் தடுமாறினார் என்றால் ஆச்சரியமென்ன?

அவருக்குச் சட்டத்துக்கும் மேலான ஒரு பிரமாணம் உண்டு. முஸ்லிம் மீனவக் குடும்பங்கள் நிறைந்த இந்தக் கரையில், சூதாட்டம் ஹராம் என்பது தொட்டில் பருவத்திலேயே கேட்கும் பாடம். குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயத்தில் 90, 91ஆம் வசனங்கள் மதுவையும் சூதையும் சேர்த்தே விலக்குகின்றன. அவை மனிதருக்குள் பகையை மூட்டும், இறை நினைவினின்றும் தொழுகையினின்றும் மனத்தைத் திருப்பும் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். வள்ளுவரும் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்து, அதை அடுத்தே சூதை 94ஆம் அதிகாரமாக வைத்தார். வெவ்வேறு தேசத்தில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மரபில் தோன்றிய இரண்டு நூல்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தியிருப்பது எனக்கு ஆழ்ந்த பொருளுடையதாகப் படுகிறது. மனிதனுடைய புத்தியின் மீது அவனுக்கிருக்கும் ஆட்சியை இரண்டும் மெல்ல மெல்லப் பறிக்கின்றன. பறிபோனது தெரியாமலேயே பறிக்கின்றன.

இருந்தாலும், பிள்ளை கேட்கக்கூடிய ஒரு கேள்வி இந்தக் கரையில் மிகவும் கனமானது. ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். "வாப்பா, நீங்க கடலுக்குப் போறதும் நிச்சயமில்லாத காரியந்தானே? டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கிப் போட்டுட்டு, மீன்பாடு இல்லாம எத்தனை நாள் வெறுங்கையோட வந்திருக்கீங்க?" என்கிறான் மகன். தகப்பனார் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "வலையில மீன் விழலைன்னா எனக்கு நட்டம். விழுந்தா எவன் வீட்டுக்கும் நட்டமில்லையே, வாப்பா," என்கிறார், மகனையும் பாசத்தோடு அப்படியே அழைத்து.

இந்த விடையில் பெரும் உண்மை இருக்கிறது. கடலில் கிடைப்பது உலகத்துக்குப் புதிதாகச் சேருகிறது. கரைக்கு வந்த நண்டு, ஏலம் எடுப்பவருக்கும், ஐஸ் போடுபவருக்கும், லாரிக்காரருக்கும், சமைப்பவருக்கும் பங்கு பங்காகப் பயன் தருகிறது. போக்கர் மேசையில் புதிதாக எதுவும் விளைவதில்லை. ஒருவன் எடுப்பது மற்றொருவன் வைத்தது. அது மட்டுமன்று, மேசையை நடத்துகிறவர் ஒவ்வொரு கையிலும் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறார். ஆகையால், உட்கார்ந்த எல்லாரும் சேர்ந்து கொண்டுவந்த பணத்தைவிட, எழுந்து போகும்போது எல்லாரும் சேர்ந்து கொண்டுபோகும் பணம் எப்பொழுதும் குறைவே. வல்லவன் ஒருவன் பிழைக்கவேண்டுமானால், தங்கள் பலவீனத்தை அறியாத பலர் தொடர்ந்து வந்து தோற்கவேண்டும். அவர்களுள் வேறொரு ஊரின் வேறொரு வாப்பாவின் மகன் இருப்பான்.

ஆனாலும் தகப்பனாருடைய விடையையும் நான் அப்படியே முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. கடலில் எவருக்கும் நட்டமில்லை என்பது நாட்டுப்படகுக்காரர் வாயிலிருந்து வரும்போது உண்மையாக ஒலிக்கிறது. விசைப்படகின் இழுவை மடி ஆழமில்லாத இந்தக் கடலின் அடியைச் சீய்த்துக்கொண்டு போன மறுநாள், அதே நாட்டுப்படகுக்காரரே, தம்முடைய மீனை இன்னொருவன் வாரிக்கொண்டான் என்று முறையிடுகிறார். அந்தச் சச்சரவு கைகலப்பாக முற்றியதனால்தான், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று பாக் நீரிணையில் முறை வகுக்கப்பட்டது. அக்கரையிலோ யாழ்ப்பாணத்து மீனவர் அறுந்த வலையைக் கையில் ஏந்தி நிற்கிறார். எந்தத் தொழிலும் தன் லாபத்தில் பிறர் நட்டத்தை முற்றிலும் கலவாததன்று. வித்தியாசம் எங்கே என்றால், கடலில் பிறர் நட்டம் நேரும்போது அதை அநியாயம் என்று சொல்லி ஒரு வரம்பு கட்டுகிறோம். சீட்டு மேசையில் பிறர் நட்டமே ஆட்டத்தின் பொருளாக இருக்கிறது.

இனி, நான் மிகவும் வருந்திச் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை தோற்கும்போது கோபிக்கும் பெற்றோரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பிள்ளை ஜெயிக்கும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மகாபாரதத்தின் சூது மண்டபத்தில், துரியோதனனையும் சகுனியையும் தருமனையும் பார்க்கிற நாம், அங்கே வீற்றிருக்கும் தகப்பனைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். விதுரன் வேண்டாமென்று தடுத்தும் கேளாமல் சபையைக் கூட்டியவன் திருதராஷ்டிரன். பாஞ்சாலியைத் தருமன் பணயமாக வைக்க, சபையிலிருந்த பெரியோர் வியர்த்து நடுங்கிய அந்தக் கணத்தில், அவன் மட்டும் மகிழ்ச்சியை அடக்கமாட்டாமல், வென்றாயிற்றா வென்றாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டதாக வியாச பாரதம் சொல்கிறது. பின்னர் அபசகுனங்களைக் கண்டு பயந்து, பாஞ்சாலிக்கு வரம் கொடுத்து எல்லாவற்றையும் திருப்பித் தந்தவனும் அவனே. மகன் வந்து மன்றாடியதும் இரண்டாவது சூதுக்குச் சம்மதித்தவனும் அவனே. அப்போது காந்தாரி, இந்த மகனைக் கைவிட்டாலும் விடுங்கள், குலத்தைக் கைவிடாதீர்கள் என்று இடித்துரைத்தாள்; அவன் செவிசாய்க்கவில்லை.

வென்றாயிற்றா என்ற அந்தக் கேள்வி நம் வீடுகளில் அடங்கிய குரலில் கேட்கப்படுகிறது. மகன் அனுப்பிய பணத்தில் கூரை ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் வந்தது. தங்கையின் நிக்காஹ் நடந்தது. அப்பொழுது பணம் எங்கிருந்து வந்ததென்று கேட்பதை நாகரிகமாகத் தவிர்த்த வீடு, நான்கு மாதம் பணம் வராமற் போனதும், "நான் அப்போதே சொன்னேனே" என்று ஆரம்பிக்கிறது. எப்பொழுதும் எதிர்த்த தகப்பனிடம் பிள்ளைக்குக் கோபம் இருக்கலாம். ஆனால் அவரை மதிப்பான். வெற்றியில் மௌனமாகவும் தோல்வியில் உரத்தும் பேசுகிற வீட்டிலிருந்து அவன் ஒரே ஒரு பாடத்தைத்தான் கற்றுக்கொள்கிறான்: ஜெயித்ததைச் சொல்லலாம், தோற்றதைச் சொல்லக்கூடாது. அந்தப் பாடத்தை நன்றாகக் கற்றவன் தோற்ற பணத்தை மீட்கக் கடன் வாங்குகிறான்; அந்தக் கடனை அடைக்கக் கைப்பேசிச் செயலியில் இன்னொரு கடன் வாங்குகிறான்.

இணையச் சூதாட்டத்தில் பணத்தை இழந்து தமிழ்நாட்டில் நாற்பது பேருக்கு மேல் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று 2023 மார்ச்சில் சட்டமன்றத்தில் அரசு தெரிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் பேர் போன ஆட்டக்காரர்களல்லர். சாதாரண உத்தியோகமும் குடும்பமும் உள்ளவர்கள். அவர்களுக்கும் போக்கரை முறையாகக் கற்று ஆடுகிறவனுக்கும் பெரிய வேற்றுமை உண்டென்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், தோற்றதை வீட்டில் சொல்ல முடியாத நிலை இருவருக்கும் ஒன்றே. அபாயம் அந்த நிலையில்தான் இருக்கிறது.

ஆகவே, பெற்றவர்கள் கேட்கவேண்டியது கணக்கு. வந்தது எவ்வளவு என்பதை மட்டுமல்ல, வைத்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மேசைக்காரன் எடுத்தது எவ்வளவு, வரிக்குப் போனது எவ்வளவு என்று எல்லாவற்றையும் மாதாமாதம் கேட்கவேண்டும். 2023 ஏப்ரல் முதல் இணைய ஆட்டத்தில் வென்ற நிகரத் தொகைக்கு நூற்றுக்கு 30 வரி. அந்த வருஷத்து நட்டத்தை அடுத்த வருஷத்து லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. அதே வருஷம் அக்டோபர் முதல், ஆடுவதற்காகக் கட்டும் பணத்தின் மீதே நூற்றுக்கு 28 சரக்கு, சேவை வரியும் சேர்ந்தது. இவற்றையெல்லாம் கொடுத்த பிறகும் மிஞ்சியவன் உண்மையிலேயே அபூர்வமான வல்லவன். தொழிலாக ஆடுகிறவன் ஒவ்வொரு அமர்வையும் குறித்து வைப்பான், கேட்டதும் காட்டுவான். கணக்கில்லாதவன், தன் தொழில் இது என்று சொன்னாலும், தொழில் செய்கிறவனல்லன். இந்த ஒரு பரீட்சைக்குக் கணிதமும் வேண்டாம், ஆட்டம் தெரியவும் வேண்டாம். மீன் விற்ற பணத்தில் டீசல் செலவைக் கழித்து, படகுப் பங்கையும் ஆள் பங்கையும் பிரித்துக் கொடுத்துப் பழகிய ஒருவருக்கு இது கைவந்த வித்தை.

இப்பொழுது நிலைமை மேலும் மாறிவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கையே ஒதுக்கி வைத்துவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் விலக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நடத்துகிறவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுகிறவனைத் தண்டிக்க அதில் விதி இல்லை. நாட்டின் பெரிய போக்கர் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. மறைவாக வெளிநாட்டுத் தளங்களில் ஆடுவதும், மாண்டோவி ஆற்றில் கோவாவின் கப்பல்களில் ஏறி ஆடுவதும், வேறு தொழிலுக்குத் திரும்புவதுமே அந்த வாலிபர்களுக்கு மிஞ்சியிருக்கும் வழிகள்.

சட்டம் வந்ததும் தங்கள் கவலை தீர்ந்ததென்று பல பெற்றோர் நிம்மதி அடைந்திருப்பார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. நேற்றுவரை வெளிச்சத்தில் ஆடியவன் இன்று இருட்டுக்குப் போயிருந்தால், அவன் கணக்கு இன்னும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. ஆட்டத்தையே விட்டுவிட்டவனோ, ஏழெட்டு வருஷ உழைப்பு ஒரே வாரத்தில் பெயரற்றுப் போய், எந்த விண்ணப்பத்திலும் எழுத முடியாத ஓர் அனுபவத்தோடு வீட்டு முற்றத்தில் வந்து நிற்கிறான். அவன் கையில் கடன் இருக்கிறதா, இருந்தால் யாரிடம், எவ்வளவு என்பதை இந்த வாரமே அமைதியாகக் கேட்டு, சொன்ன தொகையைக் கேட்டுக் குரலை உயர்த்தாமல், அதை அடைக்க ஒரு வழியைக் குடும்பமாக உட்கார்ந்து எழுதவேண்டும். வட்டியில்லாக் கைமாற்றுக் கொடுத்து உதவுகிற வழக்கம் கடற்கரை ஜமாஅத்துகளுக்குப் புதிதன்று. சீட்டில் தோற்ற பிள்ளைக்கும் அந்தக் கதவைத் திறந்து வைக்கும்படி அவற்றின் பெரியவர்களை நான் வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் பேச முடியாதபடி மனம் நொறுங்கிப்போனவர்களுக்காக, இரவு பகல் எந்நேரமும், அரசின் 104, 14416 ஆகிய தொலைபேசி எண்களில் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த எண்களைப் பிள்ளைகளோடு பெற்றவர்களும் குறித்து வைத்துக்கொள்ளட்டும். மகனுடைய கடன் தொகையை முதன்முதலாகக் கேட்ட இரவில், அவர்களுக்கும் பேச ஒருவர் தேவைப்படலாம்.